கணினிப் பக்கம்: திரை இருண்டால் கலங்க வேண்டாம்

 

சகோதரி ஒருவர் மிகுந்த மனவருத்தத்துடன் எழுதியிருக்கிறார். வீட்டுக் கணினியில் விண்டோஸுடன் லினக்ஸையும் அவருடைய மகன் நிறுவியிருந்தான். படிப்பு முடிந்ததும், இனி லினக்ஸ் தேவையில்லை என்று கருதி, வன்தட்டில் அதற்குரிய பகுதியை நீக்கிவிட்டான். மறுநாள் கணினியை இயக்கியபோது கறுத்த திரையில் ஒரு பிழைச் செய்தியும், அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்னும் சொற்களுமே தென்பட்டன. பழுது பார்ப்பவரோ, அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும் என்று சொல்லிவிட்டார். “மர்ஹூம் வாப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவை போய்விட்டனவா?” என்று கேட்கிறார் சகோதரி.

இல்லை, சகோதரி! மகன் நீக்கியது லினக்ஸ் பகுதியை மட்டுமே என்றால், விண்டோஸும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அறுந்துபோனது அவற்றிடம் அழைத்துச் செல்லும் வழி மட்டுமே.

கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் விண்டோஸ் தானாக எழுந்துவிடுவதில்லை. ‘பூட் லோடர்’ எனப்படும் துவக்கி நிரலே அதனை எழுப்புகிறது. லினக்ஸை நிறுவும்போது ‘கிரப்’ என்னும் துவக்கி வாயிற்காவலனாக வந்து அமர்கிறது. பழைய ‘பயாஸ்’ முறைக் கணினிகளில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் துவக்க நிரலுக்கு உரியவை 446 மட்டுமே. அவ்வளவு சிறிய இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது. எனவே, தனக்கு வேண்டிய கோப்புகளை அது லினக்ஸ் பகுதியில் வைத்துக்கொள்கிறது. அப்பகுதியை நீக்கினால், காவலன் வாயிலிலேயே நிற்பான். அவன் சாவிக்கொத்து இருந்த அறையோ இடிக்கப்பட்டிருக்கும்!

இதைச் சீர்செய்வது எவ்வாறு?

புதிய ‘யு.இ.எஃப்.ஐ.’ முறைக் கணினிகளில் வேலை எளிது. அவற்றில் இரண்டு துவக்கிகளும் ஒரு தனிச் சிறுபகுதியில் அருகருகே இருக்கும். கணினியை இயக்கியதும் எஃப்2, எஃப்12, டெலீட் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குச் செல்லுங்கள். துவக்க வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்திற்குக் கொண்டுவந்து சேமியுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருப்பின் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அதனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பயாஸ் முறைக் கணினியாயின், வேறொரு கணினியின் உதவியால் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவலைத் தயாரித்து, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். நிறுவும் பொத்தானைத் தொடாமல், பழுதுநீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்துக் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கட்டளைத் திரைக்குச் செல்லுங்கள். அங்கே ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். இது துவக்க நிரலை மட்டுமே புதிதாக எழுதும். வன்தட்டின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணையைத் தொடாது. பின்னர் பென் டிரைவை எடுத்துவிட்டுக் கணினியை மீண்டும் இயக்குங்கள்.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். இந்நிலையில் ‘ஃபார்மட்’ என்ற சொல்லை யார் சொன்னாலும் உடன்படாதீர்கள். படங்களைப் பற்றிய அச்சம் தீரவில்லையெனில், பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் துவக்கி, அவற்றை முதலில் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்று நீக்கிய லினக்ஸே இங்கு உதவிக்கு வருகிறது!

இனி லினக்ஸை நீக்க எண்ணுவோர், முதலில் துவக்கத்தை விண்டோஸிடம் ஒப்படைத்து, கணினி நேராக விண்டோஸுக்குள் செல்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே பகுதியை நீக்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம் இதற்கும் பொருந்தும். பெற்றோரின் படங்கள் நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய அமானிதம். அவற்றை ஒரே வன்தட்டை நம்பி வைத்திருப்பது தகுமா?

சகோதரி, மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். இப்பக்கத்தை அவன் கையில் கொடுத்து, அவனையே சீர்செய்யச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், வாப்பாவின் முகத்தை மீண்டும் திரையில் காண்பீர்கள்.

வஸ்ஸலாம்.