நீறு பூத்த நெருப்பை மூட்டையில் கட்டாதீர்கள்!

ஆவணி பிறந்துவிட்டால் திருவந்திபுரத்தில் நிற்க இடம் கிடைக்காது. "தேவநாதா, உன் சன்னிதியிலேயே தாலி கட்டுகிறோம்" என்று வேண்டிக்கொண்டவர்கள் வேனும் பஸ்ஸுமாக வந்து இறங்குவார்கள். ஒரே முகூர்த்தத்தில் நூறு ஜோடிக்கு மேல் மாலை மாற்றிக்கொண்ட நாட்கள் உண்டு. மலையடிவாரம், கெடிலம் ஆற்றங்கரை, கடலூர் போகும் ரோடு எங்கும் தலைதான் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பொருள் ஒன்று இருக்கிறது. கரி மூட்டை!

சோளம் வாட்டும் தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு மூட்டை. இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒரு மூட்டை. மண்டபத்துச் சமையல்கட்டில் காஸ் சிலிண்டரில் சாய்த்துவைத்தபடி ஒரு மூட்டை. மேலே கீற்றுப் பந்தல், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு. வாடிக்கையாகிவிட்ட காட்சி என்பதால் நமக்கு உறைப்பதில்லை.

கரியோடு நமக்குச் சண்டை இல்லை. கரியை நம்பிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளியோடும் சண்டை இல்லை. அந்த மூட்டை கிடக்கும் இடத்தைப் பற்றித்தான் கேள்வி.

போன கரி திரும்பி வந்தது

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குமுட்டி அடுப்பு இருந்தது. தெருவுக்குத் தெரு கரிக்கடை இருந்தது. நம் மாவட்டத்து நெய்வேலியிலேயே பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு, 'லெகோ' என்று பெயர் வைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். காஸ் அடுப்பு வந்தது. குமுட்டி பரணுக்குப் போனது. லெகோவும் நின்றுபோனது.

இப்போது அதே கரி 'பார்பிக்யூ', 'தந்தூரி', 'கிரில்' என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சோளம் வாட்டவும் கரி. கோழியைக் கம்பியில் குத்தி வாட்டும் கடைக்கும் கரி. கோயில் ஊர்க் கல்யாணம் என்றால் கோழிக்குப் பதில் பனீரும் அன்னாசியும் அதே தணலில் வாடுகின்றன. பசங்க நாலு பேர் சேர்ந்து மொட்டை மாடியில் அடுப்பு மூட்டுவதும் சகஜமாகிவிட்டது.

விருந்தாளி திரும்பி வந்துவிட்டார். அவரை எங்கே உட்காரவைப்பது என்பதைத்தான் மறந்துவிட்டோம். அந்தக் காலத்துப் பாட்டிகள் மறக்கவில்லை. கரி என்றால் கொல்லைப்புறம். செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன் மேல் மூடி போட்ட தகர டின். ஒரு சொட்டு மழை படாது, ஒரு பொறி நெருங்காது. இதற்கு எந்த என்ஜினீயரும் வந்து பாடம் எடுக்கவில்லை!

கரிக்கும் மூச்சு உண்டு

சவுக்கோ, சீமைக்கருவேலமோ, விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுகிறார்கள். காற்று அதிகம் புகாமல் உள்ளேயே வேகும்போது விறகில் இருக்கும் ஈரமும் புகையும் போய், கரி மிஞ்சுகிறது. அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவை காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

புதுக் கரி காற்றை உறிஞ்சும்போது லேசாகச் சூடு பிறக்கும். கொஞ்சம் கரி பரவலாகக் கிடந்தால் அந்தச் சூடு ஆறிவிடும். ஆறாத கரியைச் சுடச்சுட மூட்டை கட்டி, மூட்டை மேல் மூட்டையாகக் கூரை வரைக்கும் அடுக்கினால்? நடுவில் இருக்கும் சூடு எங்கே போகும்? உள்ளுக்குள்ளேயே ஏறி, தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றிக்கொள்ளும்.

இது கட்டுக்கதை அல்ல. கப்பலில் போன கரியில் இப்படித் தீப்பிடித்துப் பிடித்து, உலகக் கப்பல் துறையே விதியை மாற்றிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் கப்பலில் ஏற்றும் கரியை ஆபத்தான சரக்கு என்று அறிவித்தே ஏற்ற வேண்டும். சாதாரணமாகத் தயாராகும் கரியை 14 நாள் நிழலில் காற்றாட ஆறவைக்க வேண்டும். மூட்டை கட்டும் அன்று சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கன்டெய்னரிலும் கூரைக்குக் கீழே 30 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும்.

கடலில் போகிற கரிக்கு இவ்வளவு கவனம். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் கிடக்கிற கரிக்கு?

தண்ணீருக்கும் காசா?

அடுத்தது வயிற்றெரிச்சல் சமாச்சாரம். கரி எடை போட்டு விற்கிற சரக்கு. ஈரம் குடித்த கரி எடை கூடும். அதாவது, தண்ணீருக்கும் சேர்த்து நாம் காசு கொடுக்கிறோம்! இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்த கரி. 'தொப்'பென்று கேட்டால் ஈரம். உடைத்த இடத்தில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது வேகாத கரி; புகையால் கண்ணைக் கரித்தே கொன்றுவிடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆவணியில் மூட்டையைப் பிரிக்கிறார்கள். புரட்டாசி வந்தால் பாதி ஊர் கவிச்சி தொடாது. கிரில் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். பிரித்த மூட்டை மூலையில் கிடக்கும். ஐப்பசியில் அடைமழை. தரை ஈரம் மேலே ஏறி, கார்த்திகையில் எடுக்கும்போது கரி சவுத்துப்போய்க் கிடக்கிறது. "பத்தவே மாட்டேங்குதுண்ணே" என்று அலுத்துக்கொண்டு பெட்ரோல் பாட்டிலைத் தூக்குகிறான் கடைப்பையன். விபத்துக்கு வேறு அழைப்பிதழ் வேண்டுமா?

நனைந்த மரக்கரியை வெயிலில் பரப்பிக் காயவைத்தால் பெரும்பாலும் தேறும். மாவு கலந்து பிடித்த கட்டிக் கரி நனைந்தால் உதிர்ந்து தூளாகிவிடும். அந்தக் காசு போனது போனதுதான்.

மூட்டைக்குத் திரும்பும் கங்கு

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். வியாபாரம் முடிந்ததும் அடுப்பில் மிச்சக் கரி இருக்கும். வீணாக்க மனசு வராது. மேலே சாம்பல் பூத்திருக்கிறது, புகை இல்லை. "அணைஞ்சு போச்சு சார்" என்று அள்ளி, அதே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வெளியே வெள்ளையாக இருக்கும் கரிக்குள் கங்கு மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். ராத்திரி ஒரு காற்று அடித்தால் போதும். வண்டி, பந்தல், பக்கத்துக் குடிசை என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கல்யாணப் பந்தலில் தீ என்றால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீரங்கம் சொல்லும். 2004 ஜனவரி 23. கல்யாண மண்டபத்து மாடியில் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அங்கே கரி காரணமில்லை. வீடியோ விளக்குக்கு இழுத்த மின்சாரத்தில் கிளம்பிய பொறிதான் காரணம் என்றார்கள். ஆனால் பாடம் ஒன்றுதான்: கீற்றுக்கு, பொறி எங்கிருந்து வந்தது என்ற பேதம் தெரியாது.

புயல் நாளில் கை கொடுக்கும், காலையும் வாரும்

"அப்படியானால் கரியே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். கடலூர்க்காரனுக்குக் கரியின் அருமை தெரியும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்த வெள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. சிலிண்டர் தீர்ந்து, வண்டி வர வழியில்லாத நாளில் காய்ந்த கரி ஒரு டின் இருந்தால் குழந்தைக்குப் பால் காய்ச்சலாம்.

ஆனால் மழைக்குப் பயந்து அந்த அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தினால் எமனைக் கூப்பிட்டதாக அர்த்தம். கரித் தணலில் கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ஏறிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் இருவர், இறைச்சி வாட்டிய கரி அடுப்பு இருந்த அறையிலேயே படுத்துத் தூங்கினார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை.

செலவில்லாத வழி

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

புதுக் கரிக்கு ஒரு மூடி போட்ட டின்; தரையில் படாமல் செங்கல், பலகை மேல். எண்ணெய் டின் என்றால் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்த பிறகே கரி. மொத்தமாக வாங்குகிறவர்கள் சுவரிலும் கூரையிலும் முட்டாமல் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கட்டும்.

எரிந்த கரிக்குத் தனியாக ஓர் இரும்புப் பாத்திரம், இறுக்கமான மூடியோடு. காற்று இல்லாவிட்டால் கங்கு தானாகச் செத்துவிடும். ஒரு ராத்திரி, ஒரு பகல் முழுக்க ஆறட்டும். அப்போதும் அது புது மூட்டைக்குப் போகக் கூடாது. மறுநாள் அடுப்புக்கே போகட்டும். சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

சிலிண்டர், பெட்ரோல், எண்ணெய்ப் பிசுக்குத் துணி மூன்றும் கரியின் பக்கத்தில் இருக்கக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் முந்திரி ஓட்டை உணவு வாட்டும் கரியோடு கலக்கவும் கூடாது. அதன் எண்ணெய் தோலைப் பொத்துவிடும், புகையும் கேடு.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. சாப்பாட்டுக் கடைக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது, "கரியை எங்கே வைக்கப்போகிறாய்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் திருவந்திபுரத்துக்கு வந்து, தள்ளுவண்டிக்காரர்களையும் சமையல் காண்டிராக்டர்களையும் கூட்டி அரை மணி நேரம் செய்து காட்டலாம். அபராதம் போட்டு அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம். சொல்லிக் கொடுத்தால் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் வண்டியும்தானே எரியும்?

மண்டபம் பிடிக்கிற பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பந்திக்கு எத்தனை இலை என்று நாலு தடவை கேட்கிறார்கள். கரி மூட்டை எங்கே என்று ஒரு தடவை கேளுங்கள்.

கரிக்கு ஒரு மூலை, கங்குக்கு ஒரு மூடி. ஒதுக்க முடியாதவர்கள் கரி வாங்காமல் இருப்பதே ஊருக்கு நல்லது!