சந்திரனின் வயிற்றில் என்ன இருக்கிறது?

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் பிடித்தது. அன்று திருப்பதிக் கோயிலின் நடையைச் சாத்தினார்களே என்று நமக்குக் கவலையில்லை. ஆனால் நமது காலடிப்பேட்டையிலேயே பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை அறைக்குள் அடைத்து, மணிக்கணக்காய்ப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடாமல் வைத்திருந்த வீடுகளைப் பார்த்தோம். கேட்டால், ராகு சந்திரனை விழுங்குகிறானாம். பிள்ளை ஊனமாய்ப் பிறக்குமாம்!

விழுங்கப்படுவதாகச் சொல்லும் அந்தச் சந்திரன் என்ன வஸ்து என்று இவர்கள் ஒரு நாளாவது விசாரித்ததுண்டா? தட்சன் சாபத்தால் தேய்கிறவன், இருபத்தேழு பெண்டாட்டிக்காரன் என்று புராணிகர் சொன்னதோடு சரி. உள்ளபடி அது சுமார் 3,475 கிலோமீட்டர் குறுக்களவுள்ள கல் உருண்டை. 1969 முதல் 1972 வரை அங்கே இறங்கிய அமெரிக்கர்கள் வைத்துவிட்டு வந்த அதிர்ச்சிக் கருவிகள், 1977 வரையில் அதன் நடுக்கங்களைக் குறித்தனுப்பின. அவற்றைக் கொண்டு கணித்ததில், மேலே சுமார் 40 கிலோமீட்டர் கனத்தில் ஓடு, அதன் கீழே கனத்த பாறை, நடுவில் சிறிய இரும்புக் கரு என்று தெரிகிறது.

இந்த அடுக்கு எப்படி ஏற்பட்டது? திருவொற்றியூர் வார்ப்படப் பட்டறைத் தொழிலாளியைக் கேளுங்கள். இரும்பை உருக்கினால் கிட்டம் மேலே மிதக்கும், இரும்பு அடியில் நிற்கும் என்பார். சந்திரனும் சுமார் 450 கோடி வருஷங்களுக்கு முன் கொதித்த குழம்புதான். லேசான வெள்ளைக்கல் மிதந்து ஓடாயிற்று. பிற்பாடு உள்ளிருந்து கசிந்து உறைந்த கருங்குழம்பைத்தான் முயல் என்கிறார்கள்.

2023 ஆகஸ்டு 23-ந் தேதி அங்கே இறங்கிய சந்திரயான்-3இன் வண்டி 23 இடங்களில் மண்ணைச் சோதித்ததில், அந்த வெள்ளைக்கல் வகையே கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவ்வகைக் கல் நமது நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்தார் உதவியுடன் அதைப் பொடித்துப் பரப்பித்தான், சந்திரனில் இறங்கும் கருவிகளை முன்கூட்டிப் பரீட்சை செய்தார்கள். சித்தம்பூண்டிக் கல்லை எந்த ராகுவும் விழுங்கியதாகச் சேதியில்லை. அங்குள்ள பிள்ளைத்தாய்ச்சிகள் அதை மிதித்துக்கொண்டுதான் தண்ணீருக்குப் போகிறார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, இறங்கிய இடத்துக்குப் பிரதமர் வைத்த பெயர் "சிவசக்தி"! சிவன் சடையில் சந்திரன் இருந்தது போய், இப்போது சந்திரன் தலையில் சிவனை ஏற்றியாயிற்று.

கிரகணம் என்பது பூமியின் நிழல் அந்தக் கல்லின் மேல் விழுவதுதான். நிழல்பட்ட கல்லுக்கே ஒரு கேடும் வரவில்லை. ஆகவே அடுத்த கிரகணத்தன்று அப்பெண்களுக்கு வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்துவிடும்படி, நமது பேட்டை மாமியார்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.