மாடிக்கு லாரி வராது, அப்புறம் எதுக்கு லாரித் தக்காளி?



மழை சீசன் நெருங்குனா எனக்குப் போன் வர ஆரம்பிச்சிரும். மதுரையில இருந்தும் வரும், சென்னை, கோயமுத்தூர்ல இருந்தும் வரும். "அண்ணே, மாடியில தக்காளி வைக்கலாம்னு இருக்கோம், எந்த ரகம் நல்லது?" கேட்டுட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே ரெண்டு பேரைச் சொல்லிருவாங்க. ஒண்ணு, விதைக்கடையில படம் போட்டு விக்கிற ஹைபிரிட் பாக்கெட். இன்னொண்ணு, ஆன்லைன்ல வாங்குன கருப்புத் தக்காளி, ஊதாத் தக்காளி, ஒரு பழமே அரைக்கிலோ நிக்கும்னு சொல்ற வெளிநாட்டுத் தக்காளி. இந்த ரெண்டும் உங்க மாடிக்கு வேண்டாம்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

ஒரு ரகத்தைக் கையில எடுத்தா முதல்ல கேக்க வேண்டியது, "எம்புட்டு காய்க்கும்?" இல்லை. "இதை யாருக்காக உருவாக்குனாங்க?"ன்னு கேளுங்க.

கடையில நீங்க பாக்குற ஆப்பிள் தக்காளி வர்ற வழி இதுதான். முழுசாப் பழுக்குறதுக்கு முன்னாடியே, நிறம் திரும்பும்போதே பறிக்கிறோம். பெட்டியில அடுக்குறோம். பெட்டிமேல பெட்டி ஏறும். ஒட்டன்சத்திரமோ மாட்டுத்தாவணியோ போய் ஏலத்துல விலை வெச்சு, அங்கிருந்து வேற லாரி மாறி, கடைசியா உங்க தெருக் கடையில மூணு நாள் உக்காரணும். அம்புட்டையும் தாங்குற தோல் வேணும், கெட்டிச் சதை வேணும், எல்லாப் பழமும் ஒரே அளவுல ஒரே சிவப்புல இருக்கணும். இந்தப் பரீட்சையில நாக்குக்கு மார்க்கே கிடையாது. புளிப்பு எவ்வளவு, ரசத்துல கரையுதான்னு ஏலத்துல ஒருத்தரும் கேக்க மாட்டார்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவுல கலிபோர்னியாவுல 1960கள்லயே எந்திரம் வெச்சுப் பறிக்கத் தோதான தக்காளியைக் கொண்டாந்துட்டாங்க. எந்திரத்துல விழுந்தாலும் நசுங்கக் கூடாது, எல்லாம் ஒரே நேரத்துல பழுக்கணும், அதுதான் தேவை. எந்திரத்துக்கு ஏத்தபடி பழம் மாறுச்சு. இங்க லாரிக்கு ஏத்தபடி மாறுச்சு. தப்புன்னு சொல்லலை. லாரியில போற பழம் அப்படித்தான் இருக்க முடியும். ஆனா உங்க மாடிக்கு லாரி வராதே! படியேறிப் போயி பறிச்சுக் கீழ வந்தா அடுப்படி. இருபது படி தாங்குனாப் போதும். அதுக்கு எதுக்கய்யா ஐநூறு கிலோமீட்டர் தாங்குற தோல்?

சரி, நான் சொல்ற ரகம் எது? உசிலம்பட்டியில இருந்து மேக்க போனா ஆண்டிபட்டிக் கணவாய். அதைத் தாண்டுனா தேனி. தேனிக்குப் பக்கத்துல அன்னஞ்சின்னு ஒரு ஊர். பஸ்ஸுல போனவங்களுக்கு அன்னஞ்சி விலக்கு தெரியும். அந்த ஊர்ப் பேர்லயே ஒரு நாட்டுத் தக்காளி இருந்துச்சு. பெரியகுளத்துல அந்த அன்னஞ்சி ரகத்தை எடுத்து, அதுல திடீர் மாற்றத்தைத் தூண்டி, நல்ல செடியைப் பொறுக்கி, 1978ல ஒரு ரகம் வெளியிட்டாங்க. அதுதான் பி.கே.எம் 1. பெரியகுளம் 1ங்கறதோட சுருக்கம். பேரைக் கேட்டதும் முருங்கையான்னு கேப்பீங்க. அதே பேர்ல முருங்கையும் உண்டு, அது வேற. விதை வாங்கும்போது தக்காளின்னு அழுத்திச் சொல்லுங்க.

பழம் தட்டையா உருண்டையா இருக்கும். காம்பைச் சுத்தி மேல்பக்கம் பச்சையா ஒரு தோள் தெரியும். நல்ல புளிப்பு. நசுக்குனா சாறா ஓடும். ரசத்துக்குக் கையாலயே கரைச்சு விடலாம், மிக்ஸி வேண்டாம். செடி ரொம்ப உயரமாக் கொடி ஓடாது, தொட்டியில புதராட்டம் நிக்கும், ரெண்டு குச்சி ஊனுனாப் போதும்.

அந்தப் பச்சைத் தோள்தான் அதுக்கு எமனா வந்துச்சு. நகரத்துல வாங்குறவங்க பச்சையைப் பாத்தா "பழுக்கலை"ன்னு ஒதுக்கிடுறாங்க. ஒருதடவை ஒரு கமிஷன் கடையில என் பெட்டிகளை ஏலம் கூவாமலே ஓரமா வெச்சுட்டு, கடைசியில பாதி விலைக்குக் கேட்டாய்ங்க. காரணம் கேட்டதுக்கு, "மேல பச்சையா இருக்குய்யா, டவுன்ல போகாது". அவர் சொன்னது பொய் இல்லை. டவுன்ல போகாதுதான்.

ஆனா அந்தப் பச்சையில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. காயில பச்சை இருந்தா அங்க பச்சையம் வேலை செய்யுது. இலை மாதிரியே காயும் கொஞ்சம் வெயிலைப் பிடிச்சுச் சர்க்கரை செய்யும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்களும் வேற ஊர்க்காரங்களும் சேர்ந்து 2012ல 'சயின்ஸ்' பத்திரிகையில இதை எழுதுனாங்க. ஏறக்குறைய 70 வருசமா, பச்சைத் தோள் இல்லாம ஒரே சீரா நிறம் மாறுற தக்காளியாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்திருக்காங்க. அப்படிப் பொறுக்கும்போது காயில பச்சையத்தைப் பெருக்குற ஒரு மரபணு கெட்டுப் போன செடிதான் தேர்வாகியிருக்கு. அதனால அந்த மாதிரிப் பழத்துல சர்க்கரையும் குறைஞ்சு போச்சு. கண்ணுக்கு அழகு பாத்து நாக்கை ஏமாத்துன கதை இது. அடுத்த தடவை பச்சைத் தோள் தக்காளியைப் பாத்தா முகம் சுளிக்காதீங்க.

"அப்ப உங்க காட்டுல நீங்க ஏன் ஹைபிரிட் போடுறீங்க?"ன்னு கேப்பீங்க. கேளுங்க, நியாயமான கேள்வி. பி.கே.எம் 1 எக்டருக்கு 30, 35 டன் காய்க்கும்னு கணக்கு. பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டாந்த அர்கா ரக்ஷக் ஹைபிரிட் 75, 80 டன் வரும்னு சொல்றாங்க. இலைச்சுருட்டல் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல்னு மூணு நோயைத் தாங்கும். நான் பெட்டிக் கணக்குல பிழைக்கிறவன். கூலி, உரம், வேன் வாடகை எல்லாம் பெட்டியில இருந்துதான் வரணும். ரோட்டுல தக்காளியைக் கொட்டிட்டுப் போற வருசமும் எங்களுக்கு உண்டு. அப்படிப்பட்டவன்கிட்ட வந்து "நாட்டு ரகத்தைக் காப்பாத்துங்க"ன்னு உபதேசம் பண்ணாதீங்க. எங்களை அதை விட வெச்சது யாரு? கடையில பெட்டியில கைவிட்டு, பளபளன்னு ஒரே மாதிரி இருக்குறதாப் பொறுக்குற உங்க கைதான்.

தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை எங்க மதுரை அண்ணாநகர்லதான் 1999 நவம்பர் 14ல திறந்தாங்க. விளைவிச்சவனும் திங்கிறவனும் நேருக்கு நேர் நிக்கிற இடம், நடுவுல கமிஷன் கிடையாது. நாட்டுத் தக்காளி அங்கயாவது தலை நிமிந்து நிக்கணும்ல? அங்கயும் கை முதல்ல போறது ஆப்பிள் தக்காளிக்குத்தான்.

அதனாலதான் சொல்றேன். விக்கணும்னு கட்டாயம் இல்லாத ஆளு நீங்கதான். பெட்டிக் கணக்கு உங்களுக்கு இல்லை, ஏலம் இல்லை, பச்சைத் தோளுக்கு விலை குறைக்க ஆளும் இல்லை. நான் விட்ட ரகத்தை வெச்சுக் காப்பாத்த வசதி உள்ளவர் நீங்க. நீங்களும் போயி லாரித் தக்காளியையே தொட்டியில வெச்சா, அப்புறம் அந்த விதை எங்கதான் இருக்கும்?

சிலபேரு காசு மிச்சம்னு ஆரம்பிக்கிறாங்க. 2023 ஜூலையில கிலோ 100 ரூபாய் தாண்டி, சென்னையில ரேஷன் கடையில வெச்சு 60 ரூபாய்க்கு அரசாங்கம் வித்துச்சே, அந்த மாசம் எனக்கு வந்த போன் கொஞ்சநஞ்சம் இல்லை. விலை இறங்குனதும் ஒரு போனும் இல்லை. நாலு தொட்டி வெச்சு மார்க்கெட் விலையை ஜெயிக்க முடியாது. மண்ணு, பை, தண்ணியக் கணக்குப் போட்டா கடையில வாங்குறதுதான் மலிவு. கடையில கிடைக்காததை வளர்க்கத்தான் மாடி.

இப்ப அந்த வெளிநாட்டு விதைக்கு வர்றேன். "அதுவும் பாரம்பரிய விதைதானேண்ணே?" பாரம்பரியம்தான், யாரோட பாரம்பரியம்? பிராண்டிவைன்னு ஒரு பெரிய தக்காளி, அமெரிக்காவுல பேர் போனது. அந்த ஊர்க் கோடைக்குப் பழகுனது. மதுரை வெயில் வேற. பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் சூடு இறங்கலைன்னா மகரந்தம் வீரியம் கெட்டுப் பூ கொட்டிரும். காங்கிரீட் மாடி ராத்திரியிலயும் அனல் விடும். பெரிய பழ ரகத்துக்கு நாளும் கூடுதல். அது காய்க்க வர்ற நேரத்துக்கு இங்க வெயில் மண்டையைப் பிளக்கும். பத்து விதைக்குக் காசைக் கொட்டி வாங்கி, இலையை மட்டும் பாத்துட்டு, "தக்காளி நமக்கு வரலை"ன்னு தொட்டியைக் கவுக்குறவங்களை நிறையப் பாத்துட்டேன்.

தக்காளியே வெளிநாட்டுக்காரன்தானேன்னு மடக்குவீங்க. ஆமா, தென் அமெரிக்காவுல பிறந்தது. பழைய ஆளுக சீமைத் தக்காளின்னுதான் சொல்வாங்க. நாட்டு ரகம்னா இங்க பிறந்ததுன்னு அர்த்தம் இல்லை. இந்த மண்ணுல, இந்த வெயில்ல தலைமுறை தலைமுறையா விதை எடுத்து விதைச்சுப் பழகுனதுன்னு அர்த்தம். வாக்கப்பட்டு வந்தவ குடும்பத்துக்காரி ஆகுற மாதிரி.

விதை எடுக்குறதுலதான் முக்கியமான விசயமே இருக்கு. ஹைபிரிட் பழத்து விதையைப் போட்டா முளைக்கும், ஆனா தாய் மாதிரி வராது. ஒரு செடி நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணுல சின்னப் பழம்னு கலைஞ்சு போகும். அதனால வருசா வருசம் கடைக்குத்தான் போகணும். பி.கே.எம் 1 அப்படி இல்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய் பிடிக்கும். அதனால தாய் மாதிரியே பிள்ளை.

செய்ய வேண்டியது இதுதான். கார்த்திகையில விதை போடுங்க. மார்கழியில நாத்தைத் தொட்டிக்கு மாத்துங்க. தையில ராத்திரி குளிர்ச்சியா இருக்கும்போது பூ வரும். மாசியில பழம். சித்திரை வெயில் வர்றதுக்குள்ள முக்கால்வாசி பறிச்சு முடிச்சிரலாம். ஒண்ணு ஒளிக்காமச் சொல்றேன், பி.கே.எம் 1க்கு இலைச்சுருட்டல் நோய் வரும். வெள்ளை ஈதான் அதைப் பரப்புது. மஞ்சள் ஒட்டு அட்டை ரெண்டு தொங்க விடுங்க, வாரம் ஒருதடவை வேப்பெண்ணெய்க் கரைசல் அடிங்க. சுருண்ட செடியைப் பாவம் பாக்காமப் பிடுங்கிருங்க. பத்துல ரெண்டு போனாலும் எட்டு நிக்கும்.

நிக்கிற எட்டுல நோயே வராம நல்லாக் காய்ச்ச ஒரு செடிக்குத் துணி கட்டி அடையாளம் வைங்க. அதுல நல்லாப் பழுத்த பழத்தைத் திங்காம விடுங்க. பிழிஞ்சு, சாறோட ஒருநாள் ரெண்டுநாள் புளிக்க விட்டு, அலசி, நிழல்ல காயவெச்சு, சாம்பல்ல பிரட்டிக் காகிதப் பொட்டலத்துல கட்டுங்க. மேல வருசத்தை எழுதுங்க. அஞ்சாறு வருசம் இப்படிப் பொறுக்கிட்டு வந்தா, உங்க மாடிக்குன்னே பழகுன ஒரு தக்காளி உங்க கையில இருக்கும். எந்தக் கடையிலயும் அது கிடைக்காது.

முதல் விதைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில கேளுங்க. மதுரைக்காரங்க ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியிலயும் விசாரிக்கலாம். ஒரு பழத்துல சாதாரணமா நூறு விதைக்கு மேல இருக்கும். உங்களுக்கு இருபது போதும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுங்க, காசு வாங்காதீங்க. அப்படியே உழவர் சந்தைக்குப் போனா, பச்சைத் தோள் தக்காளி இருக்கான்னு வாய் திறந்து கேளுங்க. பத்துப் பேரு கேட்டா, நான் ரெண்டு பாத்தி போடுவேன்.