தருமன் ஆட மாட்டேன்னு சொன்னா?

"கதைய முழுசா நீயே எழுதிட்டு வந்துட்ட. அப்புறம் நாங்க எதுக்குடா?"

வேங்கிக்காலில் ஒரு மொட்டை மாடி. பௌர்ணமி ராத்திரி. டவுனுக்குள் கிரிவலக் கூட்டம், யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியாது. அதனால் விடிய விடிய ஆடுவதாகத்தான் பிளான். ஆனால் நண்பன் பகடையைக் கீழே வைத்துவிட்டு இப்படிக் கேட்டதும், பன்னிரண்டு மணிக்கே ஆட்டம் முடிந்தது. தப்பு என்னோடதுதான்.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். அவர் நிலைமையைச் சொல்லி, "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் பதில் சொல்லணும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம்.

அன்றைக்கு டிஎம் நான். எட்டுப் பக்கம் கதை எழுதி வைத்திருந்தேன். குகைக்குப் போய் அரக்கனைக் கொல்லணும், அவ்வளவுதான். அவர்களோ, "அரண்மனைக்குப் போய் மந்திரிகிட்ட பேசலாம்" என்றார்கள். நான் கோட்டைக் கதவைச் சாத்தினேன். சுவர் ஏறினார்கள், மழையைக் கொண்டுவந்தேன். சுரங்கம் தேடினார்கள், இடிந்து கிடக்கு என்றேன். எந்தப் பக்கம் போனாலும் குகைதான். இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பேர் 'ரெயில்ரோடிங்'. தண்டவாளம் போட்டாச்சு, ஏறி உட்காரு.

அடுத்த தடவை ரோஷத்தில் நேர் எதிராகப் போனேன். "இதோ ஊரு. என்ன வேணா பண்ணுங்க." ஒரு மணி நேரம் சந்தையில் ஒரு ஆட்டுக்கு விலை பேசினார்கள். அப்புறம் ஆளுக்கொரு மொபைலை எடுத்துவிட்டார்கள். முழுச் சுதந்திரமும் போர்தான்.

"முடிவு முன்னாடியே தெரிஞ்சா என்ன தப்பு? தெருக்கூத்து அப்படித்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்ம மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம். மண்ணில் செய்த அவ்வளவு பெரிய துரியோதனன் சாகத்தான் போகிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஜனம் தூங்காமல் உட்கார்ந்திருக்கும். கட்டியங்காரன் நடுவில் புகுந்து உள்ளூர் விஷயத்தை இழுத்துக் கலாய்ப்பான்.

ஆனால் கூத்தில் நாம் பார்க்கிறவர்கள். எங்கள் ஆட்டத்தில் வேஷம் கட்டினவர்களே நாங்கள்தான். தருமன் "நான் சூதாட மாட்டேன்" என்று எழுந்து போனால் கூத்து நின்றுவிடும். எங்களுக்கு அங்கதான் ஆட்டமே ஆரம்பிக்கணும்.

அதனால் இப்போது நான் கதை எழுதுவதில்லை. சகுனிக்கு என்ன வேணும் என்று மட்டும் எழுதுகிறேன். அவனுக்கு நாடு வேணும். தருமன் ஆடவில்லையா? சரி, சகுனி சும்மா இருப்பானா? தம்பிகளுக்குள் சண்டை மூட்டுவான், விருந்தில் விஷம் வைப்பான். ஆட்டக்காரர்கள் எதைச் செய்தாலும் அவன் ஒரு பதில் வைத்திருப்பான். அவர்கள் சந்தையில் ஆடு வாங்கிக்கொண்டிருந்தாலும் அவன் வேலை நடந்துகொண்டே இருக்கும். இப்போ யாரும் மொபைலைத் தொடுவதில்லை.

நம்ம வீட்டு ஆட்டங்களிலேயே இந்த வித்தியாசம் இருக்கு. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் முன்னாடியே வரைந்தாச்சு. விழுந்த எண்ணுக்கு நகர்வதைத் தவிர நமக்கு வேலை இல்லை. தாயக்கட்டத்தில் விழுவது நம் கையில் இல்லை, ஆனால் எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்பது நம் மூளை. டிஎம் தரவேண்டியது தாயம், பரமபதம் இல்லை.

போன மாசம் நண்பர்கள் மந்திரியிடம் பேசிப் பேசியே அவனை ராஜாவாக்கிவிட்டார்கள். என் அரக்கன் இன்னும் குகையிலேயே இருக்கிறான், யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டுப் பக்கமும் வேஸ்ட். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குப் பகடையைக் கீழே வைத்தவன், விடிகாலை நாலு மணிக்கு, "அடுத்து எப்போ?" என்று கேட்டான்.

இந்த செமஸ்டர் முடிந்தால் ஆளுக்கொரு ஊர். எங்களுக்கு இன்னும் நாலைந்து ஆட்டம்தான் பாக்கி. ஜூனியர்ஸ் யாராவது டிஎம் ஆகப் போறீங்களா? அந்த எட்டுப் பக்கத்தை மட்டும் எழுதாதீங்க.