கைத்தொழில் பக்கம்: பூ பாதியில் நிற்கலாமா?



தலையணை உறைக்கு மெஷினில் கரைப்பூ தைத்த ஒரு சகோதரிக்குக் கடைசிப் பூ பாதியில் நின்றுவிட்டது. ஓடர் தந்தவர் கூலியைக் குறைத்துவிட்டார். அது கைப்பிழையல்ல, தாளில் அளக்காத பிழை.

முதலில், ஓரம் மடித்துத் தைக்க விடும் துணியைக் கழித்து மிகுதி நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அது 72 சென்ரிமீற்றர் என்றால், 9 சென்ரிமீற்றர் மாதிரி சரியாக 8 தடவை வரும். 10 சென்ரிமீற்றர் என்றால் 2 மிஞ்சும்.

மாதிரியைச் சதுரக்கோட்டுத் தாளில் வரையுங்கள். நடுவே மேலிருந்து கீழாக வெட்டி, இடப்பக்கத் துண்டை வலப்பக்கத்தில் சேர்த்து வையுங்கள். வெளி ஓரங்கள் இரண்டும் இப்போது நடுவில் சந்திக்கும். கொடி அங்கே பொருந்தாவிட்டால் அழித்துத் திருத்தி, அதன்பின் துணியில் பதியுங்கள்.

தாளில் பிழைத்தால் அழிறப்பர் போதும். துணியில் பிழைத்தால் பிரிக்கும் நேரமும் உங்கள் கூலியும் நட்டம்.