அருவிக்குப் போகும் வழியில் ஊர் இருக்கிறது

சங்கராபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகக் கிடக்கும். விடுமுறை வந்துவிட்டால் கச்சிராயபாளையம் வழியாக மலைமேலுள்ள வெள்ளிமலைக்கு வண்டிகள் வரிசை கட்டி ஏறுகின்றன. மேகம், பெரியார் அருவிகளில் குளியல், கட்டிக்கொண்டு போன சோறு, இருட்டுவதற்குள் இறக்கம். வழியில் இருக்கும் ஊர்களில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ், கும்பிடுவது கரியராமரை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்களே அதிகம், சுமார் 3.6 லட்சம் பேர். சாமை, தினை, மரவள்ளி பயிரிட்டும் காட்டில் கடுக்காய் பொறுக்கியும் பிழைத்தவர்கள், அது போதாமல் இன்று கேரளத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள்.

இந்த மலைக்கு ஒரு பழைய காயம் உண்டு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்களாக, அதாவது பரம்பரை நில உடைமைகளாக, அது பிரிந்து கிடந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு அவற்றைக் கையகப்படுத்தியது. அதுவரை ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த மக்கள் இவர்கள். அந்த நினைவுள்ளவர்களின் வாசலில், அவர்களைக் கேளாமல் சுற்றுலாவுக்கென்று தங்கும் விடுதி கட்டி, பாத்திரம் கழுவும் வேலையை மட்டும் அவர்களுக்கு விட்டுவைப்பதை எப்படி வளர்ச்சி என்று சொல்வது?

2024 ஜூனில் இம்மலையின் அடிவாரப் பகுதியான கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகுதான், இம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் பேருந்தும் அங்கே பேசுபொருளாயின. சுற்றுலாவுக்காகப் போடும் சாலையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணும் இறங்க முடியுமென்றால், அந்தச் சாலை வரட்டும்.

ஆனால், முடிவெடுப்பது யார்? அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை; ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996 ஊராட்சிச் சட்டம் இங்கே செல்லாது. மிஞ்சியிருக்கும் பிடிமானம் 2006 வன உரிமைச் சட்டம். காட்டைக் காக்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்குத் தருகிறது. அருவிக்குக் கட்டணம் எவ்வளவு, அந்தப் பணம் யாருக்கு, திருவிழாவில் வெளியார் எதுவரை வரலாம், எந்தக் காட்டுக்குள் எவரும் நுழையக் கூடாது என்பதையெல்லாம் பேசும் கூட்டம் வெள்ளிமலையில் கூடட்டும். அதிகாரிகள் மலையேறி வந்து, அங்கே உட்கார்ந்து கேட்கட்டும்.