தேய்ந்த பிட்டை இரும்புக்கடையில் போடாதீர்கள்

திருவனந்தபுரம் மாவட்டம் வித்துராவில், பொன்முடிக்கு ஏறும் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் போர் வண்டியை நிறுத்தியிருந்தோம். மழைக்குப் பேர்போன ஊர்தான். ஆனாலும் பங்குனியில் கிணறு வற்றிவிடுகிறது. "அண்ணாச்சி, வெள்ளம் கிட்டுமோ?" என்று வீட்டுக்காரர் பத்து நிமிடத்துக்கொரு தரம் கேட்டார். என் கண் முழுக்க, குழியிலிருந்து பறந்து வந்த பாறை மாவில்தான். அள்ளிப் பார்த்தால் மாதுளை முத்துப்போல் சிவப்புப் பொடி. கார்னெட். கோண்டலைட் பாறையில் அதுவும் குவார்ட்சும் கலந்து கிடக்கும். துளைபோடும் பிட்டைத் தின்கிற பாறை.

பிட்டை மாட்டிய ஹேமரை மேலே எடுத்தபோது, பிட்டின் முகத்தில் பதித்த ஓரப் பட்டன்கள் உருண்டை போய்த் தட்டையாகியிருந்தன. தட்டையான இடம் பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் உடனே கிரைண்டிங் செய்ய வேண்டும். தெரிந்தும் "இன்னும் பத்தடி" என்று இறக்கினேன். ஒரு பட்டன் உடைந்து குழிக்குள் விழுந்தது. அந்தத் துண்டு, அடுத்து இறக்கிய புது பிட்டையும் கடித்துக் குதறியது. குழியையே கைவிட்டோம்.

இத்தனைக்கும் அந்தப் பட்டன் கட்டைவிரல் நுனி அளவுதான். உள்ளங்கையில் வைத்தால் அதே அளவு இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். பீங்கானைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் உலோகம் இறுக்கிப் பிடித்திருக்கிறது, கான்கிரீட்டில் ஜல்லியைச் சிமெண்ட் பிடித்திருப்பதுபோல. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், அதில் சில பங்குதான் ஒரு மணி. கோபால்ட், எடையில் பெரும்பாலும் நூற்றுக்கு 6 முதல் 10. பாறைத்துகள் முதலில் கோபால்ட்டைச் சுரண்டும். பிடி தளர்ந்த மணி விரிசல்விட்டு உதிரும். கோபால்ட் கூடினால் பட்டன் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். குறைந்தால் தேய்மானம் குறையும், ஆனால் தெறித்து உடையும். 1923இல் பெர்லினில் கார்ல் ஷ்ரோட்டர் இந்தக் கலவையைச் செய்தார். ஜெர்மனியில் 'வைரம்போல' என்ற பொருளில் வைத்த பெயர்தான் நம் பட்டறைகளில் இன்றும் புழங்கும் 'விடியா'.

இவ்வளவு அருமையான பொருளை நாம் என்ன செய்கிறோம்? விவரம் தெரிந்தவர்கள் பட்டனைப் பெயர்த்து விடியா வியாபாரியிடம் கொடுக்கிறார்கள், அவர் சொன்ன விலைக்கு. நேரமில்லாதவர்கள் பிட்டை அப்படியே இரும்புக்கடையில் போடுகிறார்கள். அதிலுள்ள டங்ஸ்டன் உருக்காலைக்குப் போய் மறைந்துவிடும்.

மதுரை அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற அந்த மலைப்பகுதியை டங்ஸ்டனுக்காக ஏலம்விட்டார்கள். மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மலை தப்பியதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் டங்ஸ்டன் இல்லாமல் என் வண்டி ஓரடிகூட இறங்காது. உலக டங்ஸ்டனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தோண்டும் சீனா, 2025 பிப்ரவரியில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2023இல் நம் அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு, கோபால்ட்டும் உண்டு. அப்படியென்றால் தோண்டாமல் கிடைப்பதை முதலில் எடுக்க வேண்டாமா?

எடுக்கும் வழியும் இருக்கிறது. உருகிய துத்தநாகத்தில் தேய்ந்த பட்டனைப் போட்டால், துத்தநாகம் கோபால்ட்டுக்குள் புகுந்து பட்டனை உப்பவைத்துப் பிளக்கும். பிறகு துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிஞ்சியதை அரைத்து மறுபடி பட்டன் செய்யலாம். நாடெங்கும் போர் வண்டி அனுப்பும் திருச்செங்கோட்டில் அரசு ஒரு சேகரிப்பு மையம் திறந்து, கிலோவுக்கு இன்ன விலை என்று பலகையில் எழுதிப் போடட்டும். வித்துராவிலேயே ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் நிஸ்ட் ஆய்வகம் இருக்கிறது. எந்தப் பாறைக்கு எந்தப் பட்டன் என்று எங்கள் தேய்ந்த பிட்டுகளை வைத்தே அவர்கள் ஆராயலாம். கேட்டால் அள்ளிக் கொடுப்போம்.

என் பட்டறையில் நாலு லிட்டர் பெயிண்ட் டப்பா நிறையப் பட்டன் சேர்ந்திருக்கிறது. ஒற்றைக் கையால் அசைக்க முடியவில்லை. இரும்பு விலைக்குக் கேட்டு நேற்றும் ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை.